ஆகாய மார்க்கமாக அனுப்பப்படும் நாய்க்குட்டி: ஒரு பழைய விவாதத்தின் பரிசீலனை

பிறந்து எட்டு வாரமே ஆன ஒரு நாய்க்குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, கூண்டில் அடைத்து, ஆயிரம் மைலுக்கு அப்பால் அதை எதிர்பார்த்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு விமானத்தில் அனுப்பிவைப்பது பாதுகாப்பானதுதானா என்ற கேள்வி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறக்குறைய அரை நூற்றாண்டாகக் கேட்கப்பட்டு வருகிறது. சட்டமியற்றுவோர் ஒரு விடையும், கால்நடை மருத்துவர் ஒரு விடையும், நாயின் மனவியல்பை ஆராய்ந்தோர் ஒரு விடையும், விமான கம்பெனிகள் ஒரு விடையும், பிராணிகளின் நலனுக்காகப் பாடுபடும் ஸ்தாபனங்கள் வேறொரு விடையும் அளித்திருக்கின்றன. இவை ஒன்றையொன்று முற்றிலும் மறுப்பவை அல்ல. ஆயினும் ஒவ்வொன்றும் பிரயாணத்தின் ஏதோ ஒரு பகுதியை மட்டும் உற்றுநோக்கி, எஞ்சியதைப் பிறர் பொறுப்பென விட்டுவிடுகிறது. அவை எங்கிருந்து எழுந்தன, எவ்விடத்தில் வலுவிழக்கின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம். அமெரிக்காவை முதன்மையாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இவ்வியாபாரம் அங்கே விரிவாக வளர்ந்திருப்பதும், அதைப் பற்றிய சட்டங்களும் கணக்குகளும் அங்கே பகிரங்கமாகக் கிடைப்பதுமாகும்.

சட்டம் அளித்த விடை

1966-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டம், வீடுகளிலிருந்து களவாடப்பட்ட நாய்களும் பூனைகளும் பரிசோதனைச்சாலைகளுக்கு விற்கப்பட்ட கொடுமையைத் தடுக்கும் பொருட்டுப் பிறந்தது. விமானப் பிரயாணம் அதன் நோக்கத்தில் இடம்பெறவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின், 1976-ல் செய்யப்பட்ட திருத்தமே விமான கம்பெனிகளையும், இடையில் பிராணிகளைக் கைம்மாற்றுவோரையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. மிஸ்ஸூரி, கான்சஸ் முதலிய மத்திய மேற்கு மாகாணங்களின் பண்ணைகளில் மொத்தமாக வளர்க்கப்பட்ட குட்டிகள், தொலைதூர நகரங்களின் கடைகளுக்கு விமானத்தில் சரக்காக அனுப்பப்பட்டு வந்ததும், அவற்றுள் பல நோயுற்றும் நலிந்தும் போய்ச் சேர்ந்ததும் அத்திருத்தத்துக்குப் பின்னணியாக இருந்தன.

அதன்கீழ் எழுந்த விதிகள் இன்றளவும் அடிப்படையாக நிற்கின்றன. வியாபார நிமித்தமாக அனுப்பப்படும் குட்டிக்கு எட்டு வாரம் நிறைந்திருக்க வேண்டும். பதினாறு வாரத்துக்குக் குறைந்த வயதுடையதாயின் 12 மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் உணவளிக்க வேண்டும். விமானம் புறப்படுவதற்கு 4 மணி நேரத்துக்கு முன்னதாகக் கம்பெனி அதை ஏற்கக் கூடாது, விசேஷ உடன்படிக்கை இருந்தால் 6 மணி வரை ஏற்கலாம். காத்திருக்கும் இடத்தின் உஷ்ணநிலை 4 மணி நேரத்துக்கு மேல் 45 பாரன்ஹீட் டிகிரிக்குக் கீழே இறங்கவோ 85 டிகிரிக்கு மேலே ஏறவோ கூடாது. அவ்விடத்திலிருந்து விமானத்துக்குக் கொண்டுசெல்லும்போது அந்த எல்லை 45 நிமிஷமாகச் சுருங்கும்.

இவ்விதிகளால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றை ஊன்றிப் படிக்கையில், காலத்துக்கு எல்லை வகுத்த அளவுக்கு அவை வெம்மையின் கடுமைக்கு எல்லை வகுக்கவில்லை என்பது புலப்படுகிறது. அரிசோனாவின் கோடை நண்பகலில், வெயிலில் கொதிக்கும் தளத்தின்மீது நிற்கும் தள்ளுவண்டியில், 45 நிமிஷத்துக்குள் ஒரு குட்டிக்கு என்ன நேரக்கூடும் என்பதைச் சிந்தித்தால், விதியை அனுசரித்தலும் குட்டியைக் காத்தலும் எப்போதும் ஒன்றாகிவிடுவதில்லை என்பது விளங்கும். குளிரைப் பொறுத்தமட்டிலோ, இந்தப் பிராணி 45 டிகிரிக்குக் குறைந்த குளிரையும் தாங்கப் பழகியது என்று கால்நடை மருத்துவர் ஒரு சான்றிதழ் வழங்கினால் அந்த வரம்பும் தளர்கிறது. எட்டு வாரக் குட்டி எந்தக் குளிருக்குப் பழகியிருக்க முடியும் என்ற சங்கடமான கேள்வியை அச்சான்றிதழ் தீர்த்துவைப்பதில்லை.

வாங்குவோர் நேரில் பாராமலே குட்டியை வாங்கும் வழக்கம் இணையத்தின் வருகையால் பெருகியபோது, சட்டம் சிறிது காலம் பின்தங்கியே நின்றது. 2013-ல் விவசாய இலாகா வெளியிட்ட விதியே, நான்குக்கு மேற்பட்ட தாய் நாய்களை வைத்துக்கொண்டு நேரில் காட்டாமல் குட்டிகளை விற்போர் லைசென்ஸ் பெற்றுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று வகுத்தது.

வயதைப் பற்றிய பிணக்கு

இக்கேள்வியின் மிகச் சிக்கலான முடிச்சு வயதில்தான் இருக்கிறது. மெய்ன் மாகாணத்தின் பார் ஹார்பரில், ஜாக்சன் பரிசோதனைச்சாலையில் நெடுங்காலம் நாய்களை ஆராய்ந்த ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் இருவரும் 1965-ல் வெளியிட்ட நூல், குட்டியின் மூன்றாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடைப்பட்ட காலமே அது மனிதரோடும் பிற நாய்களோடும் உறவு பூணும் காலம் என்று நிலைநாட்டியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1961-ல் ப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், பதினான்காவது வாரம் வரை மனிதத் தொடர்பே இன்றி வளர்ந்த குட்டிகள், பின்னர் மனிதரை அண்டவே அஞ்சியது கண்டறியப்பட்டது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைக் கலிபோர்னியாவில் பழக்கிய கிளாரன்ஸ் பாபன்பெர்கர், இவ்வாராய்ச்சிகளைத் தழுவி, ஏழு வாரம் நிறைந்ததும் குட்டி புது வீட்டுக்குச் செல்வது உசிதம் என்ற கருத்தைப் பரப்பினார்.

இளம் வயதிலேயே அனுப்புவதற்கு விற்பனையாளர் காட்டும் சாஸ்திர ஆதாரம் இதுவே. ஆனால் அதில் ஒரு தாவல் மறைந்திருக்கிறது. ஆராய்ச்சியாளர் கூறியது, அந்த வாரங்களில் குட்டி மனிதரோடு பழக வேண்டும் என்பது; அந்த வாரங்களில் அதைக் கூண்டில் அடைத்து இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அனுப்புவது தீங்கற்றது என்று அவர்கள் கூறவில்லை. அதே ஆராய்ச்சிகள், புதியவற்றின்மீது அச்சம் வளரத் தொடங்குவதும் அவ்வாரங்களில்தான் என்று காட்டியிருக்கின்றன. அன்பை எளிதில் ஏற்கும் பருவம் பீதியையும் எளிதில் ஏற்கக் கூடுமாயின், அந்தப் பருவத்தையே காரணமாகக் காட்டிக் குட்டியை அவசரமாக விமானத்தில் ஏற்றுவது, பாதி நியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்ட வாதமாகும்.

மருத்துவரின் பார்வை வேறு. தாயின் பாலிலிருந்து குட்டி பெற்ற நோயெதிர்ப்புச் சக்தி சில வாரங்களில் தேய்கிறது. அது தேயும் வரையில் தடுப்பூசியின் பயனையும் அதுவே தடுக்கிறது. 1978-ல் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ வைரஸ் நோய், இந்த இடைவெளி எத்துணை ஆபத்தானது என்பதை உணர்த்தியது. குட்டிக்குரிய முக்கியத் தடுப்பூசிகளின் கடைசித் தவணை பதினாறாவது வாரத்திலோ அதற்குப் பின்னரோ அமைய வேண்டும் என்று உலகச் சிறுபிராணிக் கால்நடை மருத்துவர் சங்கம் கூறுவதற்கு இதுவே காரணம். ஆகவே எட்டு வாரத்தில் பிரயாணம் செய்யும் குட்டி, பல இடத்துப் பிராணிகளும் வந்துபோகும் சரக்குக் கிடங்குகளின் வழியே, தன் உடல் காப்பற்று நிற்கும் வேளையிலேயே கடந்துசெல்கிறது.

இன்னொரு தரப்பு ரேபிஸ் நோயை முன்னிறுத்துவது. ஐரோப்பிய யூனியனின் விதிப்படி, பன்னிரண்டு வாரத்துக்கு முன் அந்நோய்க்குரிய ஊசி செல்லாது. ஊசி போட்டு 21 நாள் கழிய வேண்டும். ஆகப் பதினைந்து வாரத்துக்குக் குறைந்த குட்டி, விதிவிலக்கு இருந்தாலன்றி, எல்லையைக் கடப்பது அரிது. அமெரிக்கா 2024 ஆகஸ்டு 1 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் எந்த நாய்க்கும் ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்று விதித்துவிட்டது. இந்தியாவில் 2017-ல் வெளியான விதிகளும் எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்பதைத் தடுத்திருக்கின்றன. இவற்றுள் ஆறு மாத விதி பொதுஜன சுகாதாரத்துக்காகப் பிறந்தது. குட்டியின் மனநலன் அதன் நோக்கமன்று. ஸ்காட், புல்லர் இருவரும் குறித்த பருவம் முழுவதும் கழிந்த பின்னரே குட்டி புது வீடு சேரும் என்பது அவ்விதியின் விளைவு. அதுவரை விற்பனையாளரிடத்தில் அது எவ்விதம் வளர்கிறது என்பதைப் பொறுத்தே அவ்விளைவு நல்லதா தீயதா என்று தீர்மானிக்க இயலும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின், உள்நாட்டுப் பிரயாணத்துக்கு எட்டு வாரம் என்பதைச் சட்டத்தின் கீழெல்லையாகக் கொள்ளலாமேயன்றி, அனுப்புவதற்கு உகந்த நாளாகக் கொள்ளலாகாது என்றே தோன்றுகிறது. சிஹுவாஹுவா, யார்க்ஷயர் டெரியர் போன்ற சிற்றினங்களின் குட்டிகள், சில மணி நேரம் உண்ணாதிருந்தாலே இரத்தத்தில் சர்க்கரை குறைந்து சோர்ந்து வீழக்கூடியவை; அவற்றைப் பன்னிரண்டு வாரம் வரை நிறுத்திவைக்கும் வளர்ப்போர், சட்டத்தைவிடத் தெளிவான ஞானம் உடையவர்கள்.

வானத்தில் உள்ள ஆபத்தும் தரையில் உள்ள ஆபத்தும்

விமானத்தின் அடிவயிற்றில் இருக்கும் சரக்கறை காற்றற்றது, உறையவைப்பது என்ற எண்ணம் ஜனங்களிடையே ஆழப் பதிந்திருக்கிறது. உண்மையில், பிராணிகளை ஏற்றும் அறையில் காற்றழுத்தம் பயணிகள் அமர்ந்திருக்கும் அறையில் உள்ளதே. சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள மலைமீது நிற்பவர் உணரும் அழுத்தத்துக்குக் கீழே அது பொதுவாக இறங்குவதில்லை. எனினும் பழைய அச்சம் ஆதாரமற்றதன்று. ஒரு காலத்துச் சரக்கறைகள், தீப்பற்றினால் காற்றோட்டம் இன்மையாலேயே தீ அவிந்துவிடும் என்ற கொள்கையில் அடைப்பாக அமைக்கப்பட்டிருந்தன. தீயை நெரிக்கும் அந்த அடைப்பு, தாமதமுண்டான வேளைகளில் உள்ளே இருக்கும் ஜீவனையும் நெரிக்கக்கூடியது. 1996 மே மாதத்தில் புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் ஒரு விமானம், சரக்கறையில் மூண்ட தீயால் வீழ்ந்து 110 பேர் மாண்ட பின்னர், அத்தகைய அறைகளில் புகையை அறியும் கருவியும் தீயணைக்கும் சாதனமும் பொருத்த வேண்டுமென 1998-ல் விதி பிறந்து, 2001 மார்ச்சுக்குள் நிறைவேற்றப்பட்டது. மனிதரின் பொருட்டு வந்த அந்தச் சீர்திருத்தத்தோடு அந்தப் பழைய அமைப்பும் மறைந்தது.

ஆயினும் எல்லா விமானத்திலும் எல்லாச் சரக்கறைக்கும் வெப்பமூட்டும் வசதி இல்லை. உள்ளே உயிர் இருக்கிறது என்று விமானிக்கு எழுத்து மூலம் அறிவிக்கும் வழக்கம் அதற்காகவே ஏற்பட்டது. அந்த ஒரு தாள் விமானியின் கைக்கு எட்டாமற்போனால், எத்துணை நவீன விமானமும் குட்டிக்கு அந்நியமே.

2002-ல் கனடாவின் கால்நடை ஆராய்ச்சிப் பத்திரிகையில் பெர்ஜெரோனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி, விவாதத்தின் திசையையே மாற்றத் தக்கது. விமானத்தில் அனுப்பப்பட்ட பீகிள் இன நாய்களின் இருதயத் துடிப்பை அளந்தபோது, அது உச்சத்துக்கு ஏறியது ஏற்றும்போதும் இறக்கும்போதுமே. பறக்கும் நேரத்தின் பெரும்பகுதியில் அவை படுத்தே இருந்தன. குட்டியின் கஷ்டம் பெரும்பாலும் தரையில் விளைவது என்று இதனால் கருத இடமுண்டு. இடையில் விமானம் மாறாத நேர்ப் பிரயாணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும், கோடையில் விடியற்காலை அல்லது இரவு விமானத்தை நாடச் சொல்வதும், கடும் வெயில் மாதங்களில் பல கம்பெனிகள் பிராணிகளை ஏற்க மறுப்பதும், இந்த உண்மையை அனுபவத்தால் உணர்ந்தவர்களின் செய்கைகளே. விமானம் மாறும் ஒவ்வொரு நிலையமும், குட்டியைப் பொறுத்தவரை, இன்னுமொரு இறக்குதலும் இன்னுமொரு ஏற்றுதலும் ஆகும்.

மயக்க மருந்து

குட்டி அஞ்சாதிருக்க ஒரு மாத்திரை கொடுத்து உறங்கவைத்து அனுப்பலாமே என்பது, கருணையினால் எழும் யோசனை. ஒரு தலைமுறைக்கு முன் பலரும் அப்படிச் செய்தனர். அசெப்ரோமசீன் போன்ற மருந்துகள் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, உடலின் சூட்டைச் சமன்செய்யும் ஆற்றலையும் குலைக்கின்றன. மேலும், மயங்கிய குட்டி கூண்டு சாயும்போது தன்னைத் தாங்கிக்கொள்ளாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் எனப்படும் அயாட்டாவும், பிரயாணத்துக்கு மயக்க மருந்து கூடாது என்று எச்சரிப்பதற்குக் காரணம் இதுவே. மேலே குறித்த கனடா ஆராய்ச்சியிலும், அம்மருந்து பெற்ற நாய்களின் பதற்றம் பெறாதவற்றினும் குறைந்ததாகக் காணப்படவில்லை. ஆபத்தை ஏற்றுக்கொண்டும் பயன் கிட்டாத ஒன்றைக் குறித்து இனி நீண்ட வாதம் தேவையில்லை; பிரயாணத்துக்குச் சில நாள் முன்னதாகவே கூண்டைத் திறந்துவைத்து, அதில் உண்ணவும் உறங்கவும் குட்டியைப் பழக்குவதே தக்க மாற்று.

மரணக் கணக்கும் அதன் குறையும்

2000-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2005 முதல் அமெரிக்க விமான கம்பெனிகள் தம்மிடம் இறந்த, காயமுற்ற, தொலைந்துபோன பிராணிகளை மாதந்தோறும் சர்க்காருக்கு அறிவித்து வருகின்றன. முதல் ஐந்தாண்டுகளில் மாண்ட 122 நாய்களில் 25 புல்டாக், 11 பக். ஏறத்தாழப் பாதி, முகம் குறுகிய இனங்களைச் சேர்ந்தவை. நாய் தன் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் இரைப்பதனால். மூச்சுவழியே குறுகி நெளிந்திருக்கும் இனங்களுக்கு அந்த ஒரே வழியும் அடைபடுகிறது. பல கம்பெனிகள் இவ்வினங்களைச் சரக்கறையில் ஏற்பதையே நிறுத்தியது நியாயமானதே. மனிதரின் ரசனைக்காக மூக்கைக் குறுக்கி வளர்த்ததன் விலையை, அந்தப் பிராணிகள் விமானத்திலும் செலுத்துகின்றன.

2017-ல் ஏற்றப்பட்ட 506,994 பிராணிகளில் 24 இறந்தன. இந்த விகிதத்தைக் காட்டி, விமானப் பிரயாணம் மிகப் பாதுகாப்பானது என்பர் ஒரு தரப்பார். அக்கணக்கு பொய்யன்று, அதன் எல்லை குறுகியது. 2014 வரையில் அறிவிக்கப்பட வேண்டியதாக இருந்தது, ஒரு குடும்பத்தின் வளர்ப்புப் பிராணியாக ஏற்கெனவே இருந்ததற்கு நேர்ந்த தீங்கு மட்டுமே. விற்பனைக்காக அனுப்பப்பட்ட குட்டி, அதாவது நம் கேள்விக்கு உரிய அந்த ஜீவன், பத்தாண்டுக் காலம் கணக்கிலேயே சேரவில்லை. 2015 முதல்தான் வளர்ப்போர் அனுப்பும் நாய்களும் பூனைகளும் அதில் இடம்பெற்றன. இன்றும்கூட, புது வீட்டை அடைந்து மூன்று நாள் கழித்து நோயுற்று மாளும் குட்டியின் மரணத்தை எந்தக் கம்பெனியும் தன் பெயரில் எழுதுவதில்லை. அனுப்பியவர் பெற்றவரையும், பெற்றவர் கம்பெனியையும், கம்பெனி அனுப்பியவரையும் குற்றங்கூறி முடியும் அந்த நிகழ்ச்சி, எந்த ஏட்டிலும் பதிவாகாமல் மறைகிறது. பாதுகாப்பு என்னும் சொல்லை அரைநாள் பிரயாணத்தோடு நிறுத்திவிட்டால் கணக்கு அழகாக இருக்கும். குட்டியின் வாழ்வோடு இணைத்துப் பார்த்தால் அக்கணக்கு போதாது.

கூண்டும் உணவும்

நடைமுறை பற்றிப் பெரிய கருத்து வேற்றுமை இல்லை. கூண்டின் நீளம், மூக்கிலிருந்து வாலின் அடி வரையுள்ள அளவோடு முன்னங்காலின் முழங்கை உயரத்தில் பாதியைச் சேர்த்ததாகவும், அகலம் தோளின் அகலத்தைப்போல் இருமடங்காகவும், உயரம் நின்றால் தலை முட்டாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது அயாட்டா விதி. குட்டிக்கு மிகப் பெரிய கூண்டும் ஆகாது. சாயும்போது அது உருண்டு அடிபடும். புறப்படுவதற்குச் சில மணி முன்னதாக இலேசான உணவும், கிண்ணத்தில் உறையவைத்த நீரும் தந்து, கழுத்தில் சிக்கக்கூடிய எதையும் நீக்கி, தாயின் மணம் தோய்ந்த ஒரு துணியை உடன் வைப்பது நல்ல வழக்கம். ஆறு மாதத்துக்குட்பட்ட, ஒத்த அளவுள்ள இரண்டு குட்டிகளை ஒரே கூண்டில் அனுப்பவும் விதி இடம் தருகிறது.

உடன் செல்லும் மனிதர்

குட்டியைச் சரக்காக அனுப்பாமல், ஒருவர் தம் இருக்கையின் கீழ் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இப்போது பரவிவரும் முறை. இதற்கென்றே கூலிபெற்றுப் பிரயாணம் செய்வோரும் உண்டு. கூண்டு கைமாறுவது குறைகிறது. நோய்க்குறி தோன்றினால் உடனே கண்டுகொள்ள ஒரு கண் இருக்கிறது. மேலே சொன்ன தரை ஆபத்துகளில் பெரும்பகுதியை இது நீக்கிவிடும் என்பதால், கிடைக்கும் வழிகளுள் இதுவே சிறந்தது என்று துணியலாம். ஆனால் பயணிகள் அறை என்பதே அபயமாகிவிடாது. 2018 மார்ச்சில், ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் சென்ற விமானத்தில், பத்து மாதப் பிரெஞ்சு புல்டாக் குட்டி ஒன்று தலைக்குமேலுள்ள சாமான் அறையில் வைக்கப்பட்டு மாண்டது. அங்கே மனிதர்கள் சூழ இருந்தனர். அதற்கு உரிய இடம் இன்னதென்று உறுதியாகச் சொல்லி நிறைவேற்றுவார் இருக்கவில்லை. பிராணிகளுக்கென்றே தனி விமானம் விடும் முயற்சி 2009-ல் பெட் ஏர்வேஸ் என்ற பெயரில் தொடங்கிச் சில ஆண்டுகளில் நின்றுபோனது. 2024-ல் பார்க் ஏர் மீண்டும் தொடங்கிய அத்தகைய சேவையின் கட்டணம் சாமானியர் எட்டத்தக்கதன்று.

இவற்றுக்கெல்லாம் மேலாக, குட்டியை அனுப்பவே வேண்டாம், வாங்குபவரே சென்று தாயோடு கண்டு அழைத்துவரட்டும் என்று கூறும் தரப்பு ஒன்று உண்டு. 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் அமலுக்கு வந்த லூசியின் சட்டம், ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை வளர்த்தவரல்லாத இடைத்தரகர் விற்பதைத் தடைசெய்தது. காணாத குட்டிக்காகப் பணம் அனுப்பி, பிறகு கூண்டுக்கென்றும் இன்ஷூரன்ஸுக்கென்றும் மேலும் மேலும் கேட்கப்பட்டு ஏமாறுவோர் பலர் இருக்கும் காலத்தில், இத்தரப்பின் வாதம் மேலும் வலுப்பெறுகிறது. அதன் பலவீனம், அமெரிக்கா போன்ற பரந்த தேசத்தில் அரிய இனங்களைப் பொறுப்போடு வளர்ப்போர் எங்கோ ஒரு மூலையில் இருப்பதையும், அவ்வளவு தூரம் போய்வர எல்லோராலும் முடியாது என்பதையும் அது போதிய அளவு கருதாமையே. மோட்டார் வண்டியில் இரண்டு மூன்று நாள் அனுப்புவது விமானத்தினும் நலம் என்று தானாகவே கொண்டுவிடுவதற்கும் இடமில்லை.

தீராமல் நிற்பவை

சரக்கறையைப் பற்றிய பழைய அச்சத்துக்கு இன்று ஆதாரம் குறைவு. தரையில் காத்திருத்தலையும் கைமாற்றத்தையும் பற்றிய அச்சத்துக்கு ஆதாரம் மிகுதி. மயக்க மருந்து கூடாது. முகம் குறுகிய இனங்கள் சரக்காகச் செல்லக் கூடாது. இந்த நான்கையும் ஓரளவு உறுதியாகக் கூறலாம். வயதைப் பற்றிய பிணக்கு அவ்விதம் தீரவில்லை. பெர்ஜெரோன் குழுவின் ஆராய்ச்சி எட்டு வாரக் குட்டிகளைக் கொண்டு செய்யப்பட்டதன்று. ஸ்காட், புல்லர் இருவரின் ஆராய்ச்சி விமானத்தைப் பற்றியதன்று. எட்டாவது வாரத்தில் பறந்து வந்த குட்டிகளையும் பன்னிரண்டாவது வாரத்தில் பறந்து வந்தவற்றையும், அதே தாய்க்குப் பிறந்து மடியில் ஏந்திக் கொண்டுவரப்பட்டவற்றையும், இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அவற்றின் அச்சத்தையும் நோயையும் ஒப்பிட்டால்தான் அவ்விரண்டு ஆராய்ச்சிகளுக்கும் இடையே உள்ள பள்ளம் நிரம்பும். புது வீட்டில் முதல் பதினைந்து நாளுக்குள் நேரும் மரணங்களையும் மாதாந்தரக் கணக்கில் சேர்க்கும்படி விதியைத் திருத்துவது அதனினும் எளிது. அதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. கூண்டோடு செல்லும் சுகாதாரச் சான்றிதழில் குட்டியைப் பெற்றவரின் மருத்துவர் நிரப்ப வேண்டிய ஒரு பகுதியைச் சேர்த்து, அதை அனுப்பியவரிடமன்றிச் சர்க்காரிடமே சமர்ப்பிக்கச் செய்தால், அந்தக் கணக்கு தொடங்கிவிடும்.